பழைய ஸ்டீரியோ ரிசீவர்: வாங்குவதும் பேணுவதும், வேலூர்ப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுபதுகளிலும் எண்பதுகளின் தொடக்கத்திலும் செய்யப்பட்ட ஸ்டீரியோ ரிசீவர்கள் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் போன்ற ஊர்களின் பழைய வீடுகளில் இன்றும் கிடைக்கின்றன. வெளிநாட்டுப் பொருள்களின் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு இருந்த அக்காலத்தில், வளைகுடா நாடுகளில் வேலை பார்த்தவர்கள் ஊர் திரும்பும்போது உடன் கொண்டு வந்தவை அவற்றுள் பல. தாத்தாவின் காலத்துக்குப் பிறகு பரண் ஏறிய அத்தகைய ஒரு பெட்டியைப் பேரப்பிள்ளைகள் இறக்கி, தூசி தட்டி, உடனே பிளக்கைச் செருகிப் பார்க்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் தாங்கிய கருவி அந்த ஒரு நிமிடத்தில் புகைந்துவிடக்கூடும். எந்த வேலையை எதற்கு முன் செய்ய வேண்டும் என்ற வரிசையைத் தெரிந்துகொண்டால் அந்த இழப்பைத் தவிர்க்கலாம் என்பதால், இக்கட்டுரை அந்த வரிசையிலேயே செல்கிறது.

ரிசீவர் என்பது மூன்று கருவிகள் ஒரே பெட்டிக்குள் அமைந்தது. வானொலியைப் பிடிக்கும் ட்யூனர், ஒலியைத் தேர்ந்தெடுத்துத் திருத்தும் பிரீ-ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கரை இயக்கும் பவர் ஆம்பிளிஃபயர் ஆகியவையே அம்மூன்று. மராண்ட்ஸ், பயனியர், சான்சுய், கென்வுட், யமஹா, சோனி, டெக்னிக்ஸ் ஆகிய பெயர்கள் இந்தத் துறையில் அடிக்கடி காதில் விழும். இந்தியத் தயாரிப்புகளில் சோனோடைன், காஸ்மிக் ஆகியவற்றின் ஆம்பிளிஃபயர்களும் கிடைக்கும். அவை நம் மின்சாரத்துக்கென்றே செய்யப்பட்டவை என்பதால், முதன்முதலாக இதில் இறங்குபவருக்கு அவையும் நல்ல தேர்வுதான்.

எவ்வளவு வாட் வேண்டும்?

புதியவர்கள் பெரும்பாலும் இந்தக் கேள்வியில்தான் பணத்தை வீணாக்குகிறார்கள். 1978-இல் வந்த பயனியர் எஸ்எக்ஸ்-1980 ஒரு சேனலுக்கு, அதாவது இடது, வலது என்ற ஒவ்வொரு பக்கத்துக்கும், 270 வாட் தந்தது. அதன் எடை ஏறக்குறைய 35 கிலோ. அப்படிப்பட்ட கருவியை வாங்குவதும் எளிதல்ல, பழுது பார்ப்பதும் எளிதல்ல. அதே வரிசையில் எஸ்எக்ஸ்-450 ஒரு சேனலுக்கு 15 வாட்டும், எஸ்எக்ஸ்-550 20 வாட்டும் தந்தன. நம் வீடுகளில் உள்ள பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அறைக்கு இந்த அளவு தாராளமாகப் போதும். வாட் இரண்டு மடங்கானால் ஒலி இரண்டு மடங்காகக் கேட்பதில்லை. 3 டெசிபல் மட்டுமே கூடும், அதைக் காது சிறிய மாற்றமாகவே உணரும்.

அந்தக் கால வாட் கணக்கை நம்பலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தொண்ணூறுகளில் நம் கடைத்தெருக்களில் விற்ற டேப் ரெக்கார்டர்களின் மேல் ‘1000 வாட் பி.எம்.பி.ஓ.’ என்று, கண நேர உச்சத்தை மட்டும் காட்டும் ஊதிய கணக்கு ஒட்டியிருந்ததைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சந்தேகம் வருவது நியாயமே. ஆனால் 1974-இல் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், ஆம்பிளிஃபயரின் திறனைத் தொடர்ச்சியான ஓட்டத்தில் அளந்து, எந்த ஓம் (ஸ்பீக்கரின் மின்தடை அளவு), எந்த அதிர்வெண் எல்லை, எவ்வளவு ஒலிச்சிதைவு என்ற விவரங்களுடனே சொல்ல வேண்டும் என்று விதி செய்தது. ஆகவே அதன் பிறகு அந்தச் சந்தைக்கென வந்த ரிசீவர்களில் 20 வாட் என்று எழுதியிருந்தால் அது உண்மையான 20 வாட்.

வாங்குமுன் பார்க்க வேண்டியவை

விற்பவரின் வீட்டிலேயே, அவருடைய ஸ்பீக்கரிலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆன் செய்த சில நொடிகளில் உள்ளிருந்து ‘டிக்’ என்று ஒரு சத்தம் வந்தால், ஸ்பீக்கரைக் காக்கும் ரிலே வேலை செய்கிறது என்று பொருள். சிறிய மாடல்கள் சிலவற்றில் இந்த ரிலே கிடையாது. ரிலே உள்ள கருவியில் அந்தச் சத்தம் வரவேயில்லை என்றால் உள்ளே பழுது இருக்கிறது. பிறகு பேலன்ஸ் குமிழை இடது ஓரத்துக்கும் வலது ஓரத்துக்கும் திருப்பி, இரண்டு சேனலும் ஒரே அளவில் பாடுகின்றனவா என்று கேளுங்கள். வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு ஸ்பீக்கரின் அருகே காதை வைத்தால் மெல்லிய இரைச்சல் கேட்கலாம்; ஆனால் ‘ம்ம்ம்’ என்ற முனகல் பலமாகக் கேட்டால் மின்வழங்கிப் பகுதியின் கெபாசிட்டர்கள் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகங்கள்) தளர்ந்திருக்க வாய்ப்பு அதிகம்.

குமிழைத் திருப்பும்போது கரகரவென்று வருவது பெரிய குறையல்ல. சுத்தம் செய்தால் போய்விடும். முகப்பு விளக்கு எரியாததும் அப்படித்தான். ஒரு சேனல் அடியோடு இல்லாமலிருப்பது, கருகிய வாடை, பின்பக்கத்தில் யாரோ துளையிட்டுக் கம்பி இழுத்திருப்பது ஆகியவை கவனிக்க வேண்டிய அடையாளங்கள். அனுபவமில்லாதவர் கைவைத்த கருவியைவிட, இதுவரை யாருமே திறக்காத பழுதான கருவி எப்போதும் மேல். அடிப்புறத்துத் திருகாணிகளின் தலை தேய்ந்திருக்கிறதா என்று பார்த்தால் அது தெரிந்துவிடும்.

ஒன்றுமே கேட்கவில்லை என்று மிகக் குறைந்த விலைக்கு விற்கப்படும் கருவிகளில் இரண்டு காரணங்களைக் கட்டாயம் சோதியுங்கள். முகப்பில் ‘டேப் மானிட்டர்’ என்ற பொத்தான் உள்ளே அழுத்தப்பட்டிருந்தால், ரிசீவர் வெளியே இணைத்த டேப் டெக்கிலிருந்து வரும் ஒலிக்காகக் காத்திருக்கும்; டெக் இல்லாதபோது வானொலியும் கேட்காது, ரெக்கார்ட் பிளேயரும் கேட்காது. இரண்டாவதாக, சில மாடல்களின் பின்பக்கத்தில் ‘பிரீ அவுட்’, ‘மெயின் இன்’ என்ற துளைகளை இணைக்கும் ப வடிவ உலோகத் துண்டுகள் இரண்டு இருக்கும். அவை தொலைந்துபோனால் ஆம்பிளிஃபயருக்கு ஒலி போய்ச் சேராது. ஆம்பூரில் ஒரு வீட்டில் பல ஆண்டுகளாக ‘செத்துப்போனது’ என்று ஒதுக்கி வைத்திருந்த கருவியில், அந்த டேப் மானிட்டர் பொத்தானை வெளியே எடுத்ததும் பாட்டு வந்ததை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்காரர் அதற்குள் அதன் ஸ்பீக்கர்களைப் பழைய சாமான்காரரிடம் போட்டுவிட்டிருந்தார்.

மின்னழுத்தம்: எல்லாவற்றுக்கும் முன்

வீட்டுக்குக் கொண்டு வந்ததும் முதலில் பின்பக்கத்தைப் படியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவுக்கென்று செய்த ரிசீவர் 120 வோல்ட்டுக்கும், ஜப்பானின் உள்நாட்டு விற்பனைக்கென்று செய்தது 100 வோல்ட்டுக்கும் உரியது. அவற்றை நேரே நம் சுவர்ப் பிளக்கில் செருகினால் பியூஸ் போவதோடு விஷயம் நிற்காது, மின்மாற்றியே கருகும்.

வளைகுடாவிலிருந்து வந்த கருவிகளில் கூடுதல் கவனம் வேண்டும். அவற்றுள் பலவற்றில் 110, 127, 220, 240 என்று பல நிலைகள் உள்ள வோல்டேஜ் செலக்டர் இருக்கும். சிறிய வட்டத் தட்டாகவோ, பிடுங்கித் திருப்பிச் செருகும் அடைப்பாகவோ, ஸ்க்ரூடிரைவரால் நகர்த்தும் சுவிட்சாகவோ அது அமைந்திருக்கும். சவூதி அரேபியாவின் வீடுகளில் நீண்ட காலம் 127 வோல்ட் மின்சாரம் இருந்தது. அங்கே ஓடிக்கொண்டிருந்த கருவியின் செலக்டர் அந்த நிலையிலேயே நின்றிருக்கலாம். ‘துபாயில் இருந்து வந்தது, 220தான்’ என்று யாராவது உறுதி சொன்னாலும், டார்ச் அடித்து உங்கள் கண்ணாலேயே அந்த எண்ணைப் பாருங்கள். 220, 240 என்று இரண்டும் இருந்தால் 240-ஐத் தேர்ந்தெடுப்பது நல்லது. நம் ஊரில் இரவு நேரத்தில் மின்னழுத்தம் 230-க்கு மேல் ஏறுவது வழக்கம்.

செலக்டர் இல்லாத 120 வோல்ட் கருவிக்கு ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. பின்பக்கத்தில் எழுதியிருக்கும் வாட் அளவைப் போல இரண்டு மடங்குக்குக் குறையாத வி.ஏ. (வோல்ட்-ஆம்பியர், டிரான்ஸ்ஃபார்மரின் தாங்குதிறன்) அளவுள்ளதை வாங்குங்கள், 150 வாட் என்று இருந்தால் 300 வி.ஏ. அல்லது 500 வி.ஏ. பொருத்தமாக இருக்கும். இஸ்திரிப் பெட்டிக்கும் முடி உலர்த்திக்கும் பயணிகள் எடுத்துச் செல்லும் இலேசான கன்வெர்ட்டர் இதற்கு உதவாது; அதில் மின்மாற்றியே இல்லை. கையில் எடுத்தால் செங்கல் போலக் கனக்க வேண்டும். ஜப்பானிய 100 வோல்ட் கருவிக்கு 110 வோல்ட் வெளியீடு தரும் டிரான்ஸ்ஃபார்மரைக் கொடுத்தால் பத்து விழுக்காடு அதிகமாகப் போகும். 100 வோல்ட் வெளியீட்டுடன் சுற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். டிரான்ஸ்ஃபார்மர் சுற்றித் தருபவர்களுக்கு இது பழகிய வேலைதான்.

மின்வெட்டுக்குப் பிறகு மின்சாரம் திரும்பும் நொடியில் அழுத்தம் தாறுமாறாக இருக்கும். எனவே மின்வெட்டு வந்தவுடன் ரிசீவரின் சுவிட்சையும் சுவரின் சுவிட்சையும் அணைத்துவிட்டு, மின்சாரம் வந்து சில நிமிடங்கள் கழித்தே மீண்டும் போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டர் இணைப்பில் இதை ஓட்டாதீர்கள். பல இன்வெர்ட்டர்கள் தரும் சதுர அலை மின்சாரத்தில் பழைய மின்மாற்றி சூடேறும். ஸ்பீக்கரிலும் முனகல் கேட்கும்.

முதல் முறை உயிரூட்டுதல்

பல ஆண்டுகள் ஓடாத கருவியின் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குள் உள்ள மெல்லிய ஆக்சைடு படலம் தேய்ந்திருக்கும். முழு மின்னழுத்தத்தை ஒரேயடியாகக் கொடுத்தால் அவை மின்னோட்டத்தைக் கசியவிட்டுச் சூடாகி வெடிக்கக்கூடும். இதைத் தவிர்க்க நம் ஊர் ரேடியோ மெக்கானிக்குகள் காலங்காலமாகப் பயன்படுத்தும் எளிய சாதனம் சீரிஸ் பல்ப். ஒரு ஹோல்டரும் ஒரு பிளக் பாயின்ட்டும் பலகையில் வைத்து, லைன் கம்பி பல்பின் வழியாகச் சென்ற பிறகே பிளக் பாயின்ட்டை அடையும்படி இணைத்தது அது. மின்வேலை தெரியாதவர்கள் இதைத் தாங்களே செய்யாமல், எலக்ட்ரீசியனிடம் சொல்லிச் செய்து வாங்கிக்கொள்வதே பாதுகாப்பு.

இழை உள்ள பழைய குண்டு பல்புதான் இதற்குப் பயன்படும்; எல்.இ.டி. பல்பு வேலைக்காகாது. சிறிய ரிசீவருக்கு 60 வாட், பெரியதற்கு 100 வாட் போடுங்கள். ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் பயன்படுத்துபவர்கள், அதற்கு முன்னால், அதாவது 230 வோல்ட் பக்கத்தில், சீரிஸ் பல்பை வைக்க வேண்டும். ஸ்பீக்கர்களை இணைக்காதீர்கள். வால்யூமை முழுவதும் குறைத்துவிட்டு ஆன் செய்யுங்கள்.

பல்பு ஒரு நொடி பளிச்சென்று எரிந்து உடனே மங்கிவிட்டால் நல்ல அறிகுறி. பெரிய கெபாசிட்டர்கள் மின்சாரத்தை நிரப்பிக்கொண்ட பிறகு கருவி குறைவாகவே இழுக்கிறது என்பதைத்தான் அந்த மங்கல் காட்டுகிறது. பல்பு தொடர்ந்து முழு வெளிச்சத்தில் எரிந்தால் உள்ளே எங்கோ ஷார்ட் இருக்கிறது; உடனே அணைத்துவிட்டு மெக்கானிக்கிடம் கொண்டு செல்லுங்கள். பல்பின் வழியாகக் குறைந்த மின்னழுத்தமே செல்வதால், இந்த நிலையில் ரிலேயின் ‘டிக்’ சத்தம் வராமல் போகலாம். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். அரை மணி நேரம் இப்படியே விட்டு, வாடையோ புகையோ வரவில்லை என்றால், பல்பு இல்லாமல் நேரே இணைக்கலாம்.

இப்போதும் ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். முந்நூறு, நானூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று போதும். அதை டி.சி. மில்லிவோல்ட் நிலையில் வைத்து, ஆன் செய்து பத்து நிமிடம் ஆன பின், இடது ஸ்பீக்கர் முனைகளின் சிவப்பிலும் கறுப்பிலும் அளவியின் முனைகளை வையுங்கள்; பிறகு வலது பக்கம். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் கவலையில்லை. 100-ஐத் தாண்டினால் உள்ளே திருத்தம் வேண்டும். வோல்ட் கணக்கில் காட்டினால் ஆம்பிளிஃபயர் பழுது. அந்த நேர்மின்னோட்டம் ஸ்பீக்கரின் சுருளைச் சூடாக்கி எரித்துவிடும். இந்த அளவை ஒரு தாளில் தேதியுடன் எழுதி வையுங்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால், அளவு ஏறிக்கொண்டே போவது பழுது வருமுன்னரே தெரிந்துவிடும்.

திறந்து சுத்தம் செய்தல்

பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். ஒரு மணி நேரமாவது காத்திருந்து, மல்டிமீட்டரால் அவற்றின் முனைகளை அளந்து, சில வோல்ட்டுகளுக்குள் இறங்கிவிட்டது என்று உறுதி செய்த பிறகே உள்ளே கை வையுங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து இறக்கும் பழக்கம் பல மெக்கானிக்குகளிடம் உண்டு. அது கெபாசிட்டருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

மேல்மூடியை எடுத்ததும் முதலில் எல்லாப் பக்கமும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கம்பி எங்கே என்ற குழப்பம் பிறகு வராது. நம் பகுதிக் கருவிகளில் தூசியோடு வேறொன்றும் இருக்கும்: பல்லி. சூடான மின்மாற்றியின் அருகில் முட்டையிடும். அதன் எச்சம் சர்க்யூட் போர்டின் தாமிரப் பாதைகளை அரிக்கும். இரண்டு முனைகளுக்கு நடுவே சிக்கிச் செத்த பல்லி பியூஸையும் போக்கும். கரப்பான் முட்டைக் கூடுகளும் மூலையில் ஒட்டியிருக்கும். ஓவியர்கள் பயன்படுத்தும் மென்மையான அகலத் தூரிகையால் தூசியைத் தளர்த்தி, புளோவரால் தள்ளி நின்று ஊதுங்கள். எச்சம் படிந்த இடத்தை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் துடைத்தெடுங்கள்.

பிறகு குமிழ்களும் சுவிட்சுகளும். கரகரப்புக்குக் காரணம் உள்ளே உள்ள தொடுபகுதிகளில் படிந்த ஆக்சைடும் தூசியும்தான். எலக்ட்ரானிக்ஸ் கடையில் கிடைக்கும் கான்டாக்ட் கிளீனர் ஸ்ப்ரேயின் மெல்லிய குழலை, வால்யூம் கன்ட்ரோலின் கால்கள் வெளியேறும் இடத்துக்கு மேலுள்ள சிறு திறப்பில் வைத்து, ஒரு நொடி மட்டும் அழுத்துங்கள். அதிகம் அடித்தால் உள்ளிருக்கும் மசகு கழுவப்பட்டு, குமிழ் இலேசாகச் சுழன்று அதன் சுகமான கனம் போய்விடும். அடித்த கையோடு குமிழை ஓரம் முதல் ஓரம் வரை இருபது, முப்பது முறை திருப்புங்கள். பேஸ், டிரெபிள், பேலன்ஸ், செலக்டர், டேப் மானிட்டர், ஸ்பீக்கர் ஏ, பி பொத்தான்கள் என்று ஒன்றையும் விடாமல் செய்யுங்கள். ஒரு சேனல் விட்டு விட்டு வரும் குறைக்குப் பெரும்பாலும் நாம் கவனிக்காத ஏதோ ஒரு பொத்தான்தான் காரணமாக இருக்கும். துரு நீக்குவதற்காக வீட்டில் வைத்திருக்கும் சாதாரண டபிள்யூ.டி.-40 இதற்கு உரியதல்ல. சுத்தம் செய்த பின் ஒரு நாள் உலரவிட்டு ஆன் செய்யுங்கள்.

இரண்டு இடங்களில் கை வைக்கவே கூடாது. ஒன்று, நிலையத்தைத் திருப்பும் குமிழோடு சேர்ந்து சுழலும், மெல்லிய அலுமினியத் தகடுகள் அடுக்கிய டியூனிங் கெபாசிட்டர். அதில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். தூரிகையால்கூட அழுத்தித் தொடாதீர்கள். ஒரு தகடு வளைந்தாலும் முகப்பில் காட்டும் எண்ணும் கிடைக்கும் நிலையமும் பொருந்தாமல் போகும். மற்றொன்று, உள்ளே சிறிய சதுர உலோக டப்பாக்களின் தலையில் தெரியும் வண்ணத் திருகுகள். ‘லூசாக இருக்கிறது, முடுக்கிவிடலாம்’ என்று நினைத்து அவற்றைத் திருப்பியவர்கள் கெடுத்த ட்யூனர்கள் ஏராளம். அவை தொழிற்சாலையில் கருவிகள் வைத்து ஒத்திசைக்கப்பட்டவை; கண்ணளவில் மீண்டும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது.

முகப்புக்கு ஈரத்துணியும் சிறிது சோப்பு நீரும் போதும். எழுத்துகளின் மேல் ஆல்கஹாலையோ கண்ணாடி துடைக்கும் திரவத்தையோ தேய்த்தால் எழுத்தே அழிந்துவிடும். மரப்பெட்டியின் மேல் தேங்காய் எண்ணெய் பூசாதீர்கள். பிசுபிசுத்துத் தூசியைப் பிடிக்கும்.

விளக்கு, பியூஸ், கெபாசிட்டர்

முகப்பு விளக்குகள் பெரும்பாலும் 6.3 அல்லது 8 வோல்ட்டில் எரியும் சிறிய இழை பல்புகள். சில மாடல்களில் பியூஸ் போன்ற கண்ணாடிக் குழல் வடிவில் இருக்கும். எல்.இ.டி.யாக மாற்றினால் சூடு குறையும். அதற்கென உள்ள வெதுவெதுப்பான மஞ்சள் நிறத்தை வாங்கினால் பழைய அழகும் கெடாது. பியூஸ் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. 2 ஆம்பியர் என்று எழுதியிருந்தால் 2 ஆம்பியர்தான். சிகரெட் பெட்டியின் ஈயத்தாளைச் சுற்றிவிட்ட பியூஸைப் பழைய கருவிகளில் இன்றும் பார்க்கலாம். மீண்டும் மீண்டும் பியூஸ் போனால் காரணத்தைத் தேட வேண்டும்.

கெபாசிட்டர்களை எல்லாம் ஒரே மூச்சில் மாற்றிவிட வேண்டும் என்ற அறிவுரையை நான் ஏற்பதில்லை. நன்றாக ஓடும் கருவியில் நூறு இடத்தில் சால்டரிங் அயர்னை வைப்பவர், பழைய போர்டின் தாமிரப் பாதையை எங்காவது பெயர்த்துவிடுவார். மின்வழங்கிப் பகுதியிலுள்ள கெபாசிட்டர்களையும், சூடான பாகங்களுக்கு அருகில் உள்ளவற்றையும் முதலில் மாற்றுவதே முறை. மைக்ரோஃபாரட் அளவு அதேயாகவும், வோல்ட் அளவு அதேயாகவோ சற்றுக் கூடுதலாகவோ, 105 டிகிரி என்று எழுதியதாகவும் இருக்க வேண்டும். ஒன்றைக் கழற்றி, அதன் மைனஸ் பக்கத்தைப் பார்த்து, புதியதைப் பொருத்திய பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும். திருப்பிப் போட்டால் வெடிக்கும். வேலூரில் கிடைக்காத அளவுகளுக்குக் காட்பாடியில் ரயில் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகலாம். புகழ்பெற்ற பெயர்களில் போலிகளும் புழங்குவதால், தெரிந்த கடையில் பில்லுடன் வாங்குங்கள்.

அக்கால ஜப்பானியக் கருவிகள் பலவற்றில், பெரிய கெபாசிட்டர்கள் அசையாமல் இருக்க அடியில் ஒரு பசை போட்டிருப்பார்கள். முதலில் இளமஞ்சளாக இருக்கும் அது காலப்போக்கில் பழுப்பாகி, இறுகி, மின்சாரத்தைக் கடத்தவும் அருகில் உள்ள பாகங்களின் கால்களை அரிக்கவும் தொடங்கும். சூட்டில் இந்த மாற்றம் விரைவுபடும். பழுப்பான பசையைக் கண்டால் மரக்குச்சியால் பொறுமையாகச் சுரண்டி எடுத்துவிடச் சொல்லுங்கள். ஹிட்டாச்சியின் 2எஸ்சி458 போன்ற சில டிரான்சிஸ்டர்கள் வயதாகும்போது கால்கள் கறுத்து, ‘சொர சொர’ என்று வெடிக்கும் இரைச்சலைத் தரும். அனுபவமுள்ள மெக்கானிக் கால்களின் நிறத்தைப் பார்த்தே சந்தேகப்படுவார்.

வேலூர் வெயிலில் எங்கே வைப்பது?

ஒரு வேலூர்க்காரர் தன் ரிசீவருக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி, அதை வைக்கும் இடத்தைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது. எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் வெப்பநிலை 10 டிகிரி கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறையப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லோரும் பின்பற்றும் கணக்கு. கத்திரி வெயிலில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும் ஊரில், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் இதை வைத்தால், ஆன் செய்யும் முன்பே அது பாதி சூட்டில் இருக்கும். தரைத்தளத்தில், மேற்குச் சுவரை ஒட்டாத இடத்தில் வையுங்கள். மேலே ஒரு சாண் இடைவெளி வேண்டும். மூடிய ஷோகேஸ் கூடாது. மேல்பக்கத் துளைகளின் மேல் பூத்தையல் துணி விரிப்பதும், போட்டோ, பூச்சாடி வைப்பதும், ரெக்கார்ட் பிளேயரை ஏற்றுவதும் நம் வீடுகளில் சகஜம். மூன்றுமே காற்று வழியை அடைக்கும். கோடையில் பகல் முழுவதும் ஓட்ட வேண்டியிருந்தால், கம்ப்யூட்டரின் 12 வோல்ட் விசிறி ஒன்றை 6 அல்லது 7 வோல்ட்டில் மெதுவாக ஓடவிட்டு, மேல்துளைகளிலிருந்து சூட்டை இழுத்து வெளியேற்றும்படி வைக்கலாம், சத்தமே கேட்காது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் எதிர்நிலை. ஈரப்பதத்தில் தொடுபகுதிகளில் மீண்டும் ஆக்சைடு படியும். வாரத்துக்கு ஒருமுறையாவது ஒரு மணி நேரம் ஓட்டினால் உள்ளே உள்ள ஈரம் உலரும், கெபாசிட்டர்களும் நல்ல நிலையில் இருக்கும். பிளாஸ்டிக் உறை போட்டு மூடி வைப்பதுதான் மழைக்காலத்தில் மிகப் பெரிய கேடு.

ஸ்பீக்கர், ரெக்கார்ட் பிளேயர், போன்

பின்பக்கத்தில் குறிப்பிட்ட ஓம் அளவுக்குக் குறைந்த ஸ்பீக்கரை இணைக்காதீர்கள். ஏ, பி இரண்டு ஜோடியையும் சேர்த்து ஓட்டினால், பெரும்பாலான கருவிகளில் இரண்டு 8 ஓம் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும். இரண்டு ஜோடியும் 4 ஓம் என்றால் 2 ஓமுக்கு இறங்கி, வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் போய்விடும். கம்பியின் ஒரு மெல்லிய இழைகூட அடுத்த முனையைத் தொடாதபடி முறுக்கிச் செருகுங்கள்.

‘போனோ’ என்ற துளை ரெக்கார்ட் பிளேயருக்கு மட்டுமே. காந்த ஊசியிலிருந்து வரும் மிக நுண்ணிய ஒலியைப் பல மடங்கு பெருக்கும் பகுதி அதன் பின்னால் இருக்கிறது. அதில் போனையோ சி.டி. பிளேயரையோ செருகினால் காது கிழியும் சிதைந்த ஒலிதான் வரும். அவற்றுக்கு ‘ஆக்ஸ்’ துளை இருக்கிறது; புளூடூத் ரிசீவரையும் அதிலேயே இணைக்கலாம். ரெக்கார்ட் பிளேயரிலிருந்து வரும் தனி எர்த் கம்பியைப் பின்பக்கத்து ‘ஜி.என்.டி.’ திருகில் மாட்ட மறந்தால் முனகல் கேட்கும்.

வானொலிப் பகுதி

இந்தியாவில் பண்பலை ஒலிபரப்பு 1977 ஜூலை 23 அன்று சென்னையில்தான் தொடங்கியது. ஆனால் வாங்கும் கருவி நம் பண்பலையைப் பிடிக்குமா என்பதை முகப்பு எண்களைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். ஜப்பானிய உள்நாட்டுக் கருவிகளின் முகப்பு 76 முதல் 90 மெகாஹெர்ட்ஸ் வரைதான் செல்லும். நம் நிலையங்கள் 88 முதல் 108 வரை உள்ளவை. அமெரிக்கக் கருவிகளில் இந்தச் சிக்கல் இல்லை. அமெரிக்கக் கருவியில் உச்ச ஒலிகள் சற்று மங்கலாகக் கேட்கலாம். ஒலிபரப்பில் உச்ச ஒலிகளைத் தூக்கி அனுப்பிப் பின் இறக்கும் அளவு அவர்களுக்கு 75 மைக்ரோ நொடி, நமக்கு 50. டிரெபிள் குமிழைச் சிறிது ஏற்றினால் சரியாகிவிடும்.

உள்ளூர் நிலையங்களுக்கு ஒரு முழக் கம்பியே போதும். சென்னை நிலையங்களை எட்டிப் பிடிக்க விரும்பினால் ஆன்டெனா இல்லாமல் முடியாது. பண்பலை அலைகள் நேர்கோட்டில் செல்பவை. சென்னை நமக்குக் கிழக்கே நேர்கோட்டில் 120 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் வேலூர்க் கோட்டைக்குக் கிழக்கேயுள்ள மலைகள். மலையின் நிழலில் உள்ள தெருக்களில் மொட்டைமாடியிலும் கிடைக்காமல் போகலாம். மலையை விட்டு விலகிய வெட்டவெளிப் பகுதிகளில் முயன்று பார்க்கலாம். பழைய டி.வி. ஆன்டெனாக்களுக்குப் பயன்பட்ட 300 ஓம் தட்டைக் கம்பியில் ஒன்றரை மீட்டர் நீளம் எடுத்து, இரு ஓரங்களையும் உரித்து முறுக்கிச் சேர்த்து, ஒரு கம்பியை மட்டும் நடுவில் வெட்டி, அந்த இரண்டு முனைகளிலிருந்து இன்னொரு தட்டைக் கம்பியை ரிசீவரின் 300 ஓம் முனைகளுக்கு இறக்கினால் எளிய ஆன்டெனா ஆகிவிடும். அது வடக்குத் தெற்காக நீண்டிருந்தால்தான் கிழக்கிலிருந்து வரும் அலையை நன்றாக வாங்கும். இடி மின்னல் வந்தால் ஆன்டெனாக் கம்பியை ரிசீவரிலிருந்து கழற்றிவிடுங்கள்.

மெக்கானிக்கிடம் கொடுக்கும்போது

ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் பழுது பார்த்த மூத்த மெக்கானிக்குகள் லாங்கு பஜார் பக்கமும் சிற்றூர்களிலும் இன்னும் சிலர் இருக்கிறார்கள். கடையின் பெயர்ப் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ‘முதலில் சீரிஸ் பல்பில் போட்டுப் பார்ப்பீர்களா அண்ணே?’ என்று ஒரு கேள்வி கேட்டாலே அவருடைய பழக்கம் தெரிந்துவிடும். உங்கள் மாடலின் சர்வீஸ் மேனுவலை இணையத்திலிருந்து இறக்கி, சர்க்யூட் பக்கங்களை மட்டும் பெரிய தாளில் அச்செடுத்துக் கொடுங்கள். அவருக்கு அது நேரத்தை மிச்சப்படுத்தும், மதிப்பையும் காட்டும். குறையை ‘சவுண்ட் சரியில்லை’ என்று சொல்லாமல், எந்தச் சேனல், ஆன் செய்து எவ்வளவு நேரம் கழித்து, எந்தக் குமிழைத் தொட்டால் என்று எழுதிக் கொடுங்கள்.

வெளியீட்டு டிரான்சிஸ்டர் மாற்றினால், அதே சேனலின் பயாஸ் அளவை (ஒலி இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் சிறு மின்னோட்டம்) மேனுவலில் உள்ள எண்ணுக்கு மீண்டும் சரிசெய்ய வேண்டும் என்பதை நினைவூட்டுங்கள். அதை விட்டுவிட்டால், சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடான ஹீட் சிங்க் கை வைக்க முடியாமல் கொதிக்கும். கழற்றிய பாகங்களை ஒரு கவரில் போட்டுத் திருப்பித் தரச் சொல்லுங்கள். எந்தெந்த இடத்தில் எந்த எண்ணுள்ள பாகம் எந்தத் தேதியில் மாறியது என்பதை ஒரு அட்டையில் எழுதி, காற்றுத் துளைகளையும் சூடான பாகங்களையும் தொடாதபடி அடித்தட்டின் வெளிப்புறத்தில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை அதைத் திறப்பவருக்கு, அது நீங்களாக இருந்தாலும் வேறொருவராக இருந்தாலும், எங்கிருந்து தொடங்க வேண்டும் என்பது தெரியும்.